ஒஷீன்: ஓர் அயர்லாந்து ஆண்பெயர் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும்?

ஒஷீன் என்பதே ஏறத்தாழச் சரியான உச்சரிப்பு. ஆங்கிலம் மட்டும் அறிந்தவர்கள் இதன் எழுத்துக்கூட்டலைப் பார்த்து "ஒய்சின்" என்று படித்துவிடுகிறார்கள். ஓ, ஐ, எஸ், ஐ, என் என்ற ஐந்து எழுத்துகளில் இப்பெயர் எழுதப்படுகிறது. இரண்டாவது ஐ எழுத்தின் தலையில் ஒரு சாய்ந்த கோடு உண்டு. ஃபாடா எனப்படும் அந்தக் கோடு, அவ்வுயிரை நெடிலாக ஒலிக்க வேண்டும் என்பதைக் காட்டுகிறது. முதல் ஐ எழுத்துக்குத் தனி ஒலி கிடையாது. அடுத்து வரும் எஸ் மெல்லிய ஒலியுடையது என்று அறிவிப்பது மட்டுமே அதன் வேலை. ஐரிஷ் மொழியில் ஐ, ஈ ஆகிய எழுத்துகளின் அண்டையில் வரும் எஸ், "ஷ" என்று ஒலிக்கும். ஷான் என்ற பெயர் எஸ் எழுத்தில் தொடங்குவதும் இதே விதியின்படிதான்.

அழுத்தம் எந்த அசையில் விழும் என்பதில் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபாடு உண்டு. வடக்கே அல்ஸ்டரிலும் மேற்கே கொனாக்டிலும் முதல் அசையை அழுத்திச் சொல்வார்கள். தெற்கே மன்ஸ்டரில் "ஷீன்" என்ற இரண்டாம் அசைதான் ஓங்கி ஒலிக்கும். இரண்டும் பிழையற்ற வழக்குகளே. ஆகவே குழந்தையின் வீட்டார் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே நாமும் சொல்வதுதான் முறை.

பெயரின் பொருள் என்ன?

மான்குட்டி. பழைய ஐரிஷ் மொழியில் "ஒஸ்" என்றால் மான். அதனுடன் சிறுமையையும் செல்லத்தையும் உணர்த்தும் "ஈன்" என்ற விகுதி சேர்ந்து ஒஷீன் ஆயிற்று. ரோஷீன் என்ற பெண்பெயரில் இருப்பதும் இதே விகுதிதான். அதற்குச் சின்ன ரோஜா என்று பொருள். ஒலி நெருங்கியிருப்பதால் ஒஷீன், ரோஷீன் ஆகிய இரண்டையும் வெளிநாட்டவர் குழப்பிக்கொள்வதுண்டு. ஆனால் ஒஷீன் ஆண்பாலுக்கு மட்டுமே உரியது.

மான்குட்டி என்ற பெயர் ஒரு வீரனுக்கு எப்படி வந்தது?

ஃபியன்னா என்ற வேட்டுவ வீரர் குழுவின் தலைவன் ஃபின் மக் கூல். அவனுடைய மகனே ஒஷீன். பரவலாகச் சொல்லப்படும் கதையின்படி ஃபின் ஒரு நாள் வேட்டைக்குச் சென்றபோது, துரத்தப்பட்ட பெண்மான் ஒன்று ஓடாமல் புல்லில் படுத்துக்கொண்டது. அவனுடைய நாய்களான பிரானும் ஷ்கோலனும் அதைக் கடிக்காமல் அதன் முகத்தை நக்கி விளையாடின. அந்த மானை ஃபின் தன் கோட்டைக்கு அழைத்து வந்தான். இன்று கில்டேர் மாவட்டத்தில் ஆலன் குன்று எனப்படும் இடமே அக்கோட்டை இருந்ததாகச் சொல்லப்படும் இடம். அன்றிரவு அந்த மான் சைவ் என்ற பெண்ணாக அவன் முன் வந்து நின்றது. தன்னை மணக்க மறுத்ததற்காக ஒரு மந்திரவாதி அவளை மானாக்கியிருந்தான். ஃபின்னின் கோட்டைக்குள் இருக்கும்வரை அந்த மந்திரம் பலிக்காது.

இருவரும் சேர்ந்து வாழ்ந்தார்கள். ஃபின் போருக்குப் போயிருந்த வேளையில், மந்திரவாதி அவனுடைய உருவத்தையும் அவன் நாய்களின் உருவத்தையும் கோட்டைக்கு வெளியே தோன்றச் செய்தான். கணவன் திரும்பிவிட்டான் என்று நம்பி ஓடிவந்த சைவ் மீண்டும் மானானாள். ஏழு ஆண்டுகள் தேடியும் அவள் கிடைக்கவில்லை. கிடைத்தவன் மகன்தான். ஸ்லைகோ மாவட்டத்தின் பென் புல்பென் மலைச்சரிவில் வேட்டைநாய்கள் எதையோ வளைத்துக்கொண்டு குரைக்க, பிரானும் ஷ்கோலனும் மட்டும் மற்ற நாய்களை நெருங்கவிடாமல் காவல் நின்றன. நடுவில் ஆடையின்றி ஒரு சிறுவன் நின்றிருந்தான். ஒரு பெண்மான்தான் தன்னை வளர்த்தது என்று பிறகு அவன் சொல்லவே, ஃபின் அவனுக்கு ஒஷீன் என்று பெயரிட்டான்.

இக்கதைகள் ஒரே கையால் எழுதப்பட்டவை அல்ல. ஒஷீனின் தாய்க்கு வேறு பெயர் தரும் பழைய நூலும் உண்டு. ஆனாலும் தாய்க்கும் மானுக்கும் உள்ள உறவு இல்லாவிட்டால் இந்தப் பெயருக்குக் கதையில் இடமே இல்லாமல் போயிருக்கும்.

தீர் ந நோக் கதையில் வரும் ஒஷீனும் இவன்தானா?

இவனேதான். தீர் ந நோக் என்றால் இளமையின் நாடு. அங்கு மூப்பும் சாவும் இல்லை. அந்நாட்டு அரசன் மகள் பொற்கூந்தல் நீவ் வெள்ளைக் குதிரையில் கடல்மேல் வந்து ஒஷீனை அழைத்துச் செல்கிறாள். மூன்று ஆண்டுகள்போல் தோன்றிய காலம் இங்கே முந்நூறு ஆண்டுகளாகக் கழிந்துவிடுகிறது. ஊரைப் பார்க்க ஆசைப்பட்டுத் திரும்பும் அவனிடம், எக்காரணம் கொண்டும் குதிரையைவிட்டு இறங்கக் கூடாது என்று நீவ் எச்சரித்து அனுப்புகிறாள். டப்ளினுக்குத் தெற்கே க்ளெனஸ்மோல் பள்ளத்தாக்கில், ஒரு பாறாங்கல்லைப் புரட்ட முடியாமல் திணறும் மனிதர்களை அவன் காண்கிறான். உதவி செய்யச் சேணத்திலிருந்து சாய்கிறான். வார் அறுந்து தரையில் விழுகிறான். விழுந்த கணத்திலேயே கண் மங்கிய கிழவனாகிவிடுகிறான்.

இன்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் வடிவம், மீஹால் கோமின் என்ற கிளேர் மாவட்டத்துப் புலவர் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதியதாகக் கருதப்படும் ஒரு நெடும்பாடலைத் தழுவியது. டபிள்யூ. பி. யேட்ஸ் 1889இல் வெளியிட்ட நெடுங்கவிதைக்கும் அதுவே ஊற்று. ஒஷீனும் அவன் தோழன் கீல்டேயும், அயர்லாந்தில் கிறித்தவத்தைப் பரப்பிய புனித பாட்ரிக்கின் காலம்வரை உயிரோடிருந்தார்கள் என்ற கற்பனை அதைவிட மிகப் பழையது. கி.பி. 1200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட "முதியோரின் உரையாடல்" என்ற நூல் முழுவதும் அந்தக் கற்பனையின் மீதே எழுப்பப்பட்டது.

பிற்காலப் பாடல்களில் கிழட்டு ஒஷீனும் பாட்ரிக்கும் ஓயாமல் வாதாடுகிறார்கள். கோயில் மணியோசையைவிடக் காட்டுக் கரும்பறவையின் பாட்டே தனக்கு இனியது என்கிறான் ஒஷீன். மடத்தில் தனக்கு அளந்து போடும் சோற்றையும் அவன் விடவில்லை. உங்கள் ரொட்டியைவிடப் பெரிய ஐவிக் கொடி இலையை நான் பார்த்திருக்கிறேன், உங்கள் வெண்ணெய் உருண்டையைவிடப் பெரிய ரோவன் பழத்தைப் பார்த்திருக்கிறேன் என்று சமையற்காரியிடம் சண்டைக்கு நிற்கிறான். நீவின் குதிரையைவிட இந்தச் சோற்றுச் சண்டையே அவனை நமக்கு மனிதனாகக் காட்டுகிறது என்பேன். தன் தலைமுறை முழுவதும் போன பிறகு தனியாக எஞ்சியவரை "ஃபியன்னாவுக்குப் பின் ஒஷீன்போல" என்று குறிப்பிடும் சொல்வழக்கு ஐரிஷ் மொழியில் இன்றும் உண்டு.

உண்மையான மனிதர்களுக்கு இப்பெயர் பழங்காலத்தில் இருந்ததா?

இருந்தது. அதற்கு ஒரு கல்லே சாட்சி. கால்வே மாவட்டத்தின் தூவம் நகரில் உள்ள 12ஆம் நூற்றாண்டுக் கற்சிலுவையில், அரசன் ஓ கானரின் பெயருடன் ஏட் ஓ ஹொஷீன் என்ற திருச்சபைத் தலைவரின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. கெல்ஸ் நகரில் 1152இல் கூடிய திருச்சபைப் பேரவையின்போது தூவத்தின் முதல் பேராயரானவர் அவர். ஓ ஹொஷீன் என்றால் ஒஷீன் வழிவந்தவர் என்று பொருள். அப்படியொரு குடும்பப் பெயர் உருவாகியிருக்கிறது என்றால், அதற்கு முன்பே ஒஷீன் என்ற பெயருடைய ஒரு மூதாதை இருந்திருக்க வேண்டும். கால்வே, மேயோ வட்டாரங்களில் இன்று ஹெஷன் என்று ஆங்கிலப்படுத்தி எழுதப்படும் குடும்பப் பெயர் இதுவே.

பின்னர் இப்பெயர் புழக்கத்திலிருந்து மெல்ல மறைந்தது. ஆங்கிலேய ஆட்சி இறுக இறுக, ஐரிஷ் பெயர்கள் ஆவணங்களில் ஆங்கில வேடம் பூண்டன. பதிவேட்டில் ஜானும் வில்லியமும் நிறைந்திருந்த நூற்றாண்டுகளில், ஒஷீன் அடுப்படிக் கதைகளிலும் கையெழுத்துப் படிகளிலுமே வாழ்ந்தான். அப்படிகளில் சில அயர்லாந்துக்கு வெளியேதான் பிழைத்தன. ஸ்பானியர் ஆண்ட நெதர்லாந்தில் படைப்பணி புரிந்த ஓர் ஐரிஷ் தளபதிக்காக, ஃபின்னைப் பற்றிய பாடல்களின் பெருந்தொகுப்பு ஒன்று 1627ஐ ஒட்டி ஆஸ்டெண்ட் துறைமுக நகரில் படியெடுக்கப்பட்டது. நாடு கடந்து வாழ்ந்த ஒரு படைவீரர் காசு கொடுத்து எழுதி வாங்கிய பாடல்கள் அவை.

ஓசியன் என்பதும் ஒஷீன் என்பதும் ஒன்றா?

ஓசியன் என்பது ஸ்காட்லாந்து வழியாக ஆங்கிலத்தில் பரவிய வடிவம். அதைப் பரப்பியவர் ஜேம்ஸ் மக்ஃபர்சன். ஸ்காட்லாந்தின் மேட்டுநிலத்தில் 1736இல் பிறந்த இவர், 1760க்கும் 1763க்கும் இடையில் மூன்று நூல்களை அடுத்தடுத்து வெளியிட்டார். மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓசியன் என்ற கண்ணிழந்த புலவன் கேலிக் மொழியில் பாடியவை என்றும், தாம் அவற்றைத் திரட்டி மொழிபெயர்த்ததாகவும் சொன்னார். ஐரோப்பா சொக்கிப்போனது. கெதே தம் புகழ்பெற்ற முதல் நாவலில் அந்த வரிகளைச் சேர்த்தார். இத்தாலிய மொழிபெயர்ப்பைப் படித்த நெப்போலியன், அந்நூலைப் போர்க்களங்களுக்கும் எடுத்துச் சென்றான். ரோமில் நெப்போலியன் தங்குவதற்கென ஒழுங்கு செய்யப்பட்ட அரண்மனைப் படுக்கையறைக்காக "ஓசியனின் கனவு" என்ற ஓவியத்தைப் பிரெஞ்சு ஓவியர் ஆங்கர் தீட்டினார்.

இலண்டனில் திறனாய்வாளர் சாமுவேல் ஜான்சன் மட்டும் மசியவில்லை. இக்காலத்து மனிதர் எவராலும் இப்படி எழுத முடியுமா என்று கேட்டவரிடம், ஆண்கள் பலராலும் பெண்கள் பலராலும் குழந்தைகள் பலராலும் முடியும் என்றார். அயர்லாந்தின் அறிஞர்களுக்கு வேறொரு கோபம். தங்கள் ஃபின்னையும் ஒஷீனையும் ஸ்காட்லாந்துக்காரர்களாக மாற்றிவிட்டார் என்று சார்ல்ஸ் ஓ கானரும் சில்வெஸ்டர் ஓ ஹலரனும் எழுத்தில் எதிர்த்தார்கள். மக்ஃபர்சன் இறந்த பிறகு, எடின்பரோவின் மேட்டுநிலச் சங்கம் அமைத்த குழு 1805இல் அறிக்கை தந்தது. மக்களிடம் வழங்கிய மெய்யான பாடல்களை அவர் எடுத்தாண்டிருக்கிறார், ஆனால் தாராளமாக மாற்றியும் தம் சொந்த வரிகளைச் சேர்த்தும் எழுதியிருக்கிறார் என்பதே அதன் சாரம். முழுப் பொய் என்றும் முழு உண்மை என்றும் சொல்ல முடியாத அந்த நிலைதான் இன்றைய ஆய்வாளர்களின் பொதுக் கருத்தும்.

அந்த மக்ஃபர்சனுக்கும் தமிழகத்துக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

உண்டு. இலக்கியத் தொடர்பு அல்ல, பணத் தொடர்பு. சேப்பாக்கம் அரண்மனையிலிருந்து ஆட்சி செய்த ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவுக்கு இலண்டனில் வாதாட ஒரு முகவர் தேவைப்பட்டார். 1780ஐ ஒட்டி அந்த வருமானம் கொழிக்கும் பதவி ஜேம்ஸ் மக்ஃபர்சனுக்குக் கிடைத்தது. அவருக்கு வழிகாட்டியவர் அவருடைய உறவினரும் பிற்காலத்தில் தற்காலிக கவர்னர் ஜெனரலாக இருந்தவருமான ஜான் மக்ஃபர்சன். 1780 முதல் 1796இல் இறக்கும்வரை ஜேம்ஸ் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். நவாப் கும்பினி அதிகாரிகளிடம் வாங்கிக் குவித்த கடன்களுக்கு நம் ஊர்களின் நிலவரியே ஈடாக நின்றது. 1785இல் அந்தக் கடன் கொள்ளையை நாடாளுமன்றத்தில் கிழித்தெறிந்து பேசிய எட்மண்ட் பர்க், டப்ளினில் பிறந்தவர். ஒஷீனின் பாடல்களால் பெயர் பெற்றவர் நவாபின் பக்கம், ஒஷீனின் நாட்டில் பிறந்தவர் எதிர்ப்பக்கம்.

ஆஸ்கர் என்ற பெயரும் இதனுடன் சேர்ந்ததா?

ஐரிஷ் கதைகளில் ஆஸ்கர் ஒஷீனின் மகன், ஃபின்னின் பேரன், கௌரா போரில் மடிந்தவன். அவன் பெயரிலும் மானைக் குறிக்கும் "ஒஸ்" இருப்பதாகக் கொண்டு, மானை விரும்புபவன் என்று பொருள் கூறுவது வழக்கம். மக்ஃபர்சனின் நூல்களால் இப்பெயர் ஐரோப்பா எங்கும் பரவியது. நெப்போலியனின் தளபதி பெர்னடோட்டுக்கு 1799இல் பிறந்த மகனுக்கு ஆஸ்கர் என்று பெயர் சூட்டப்பட்டது. நெப்போலியனே அவனுக்கு ஞானத்தந்தை. பெர்னடோட் பின்னர் சுவீடனின் அரசனாகவே, அந்த மகன் 1844இல் முதலாம் ஆஸ்கராக முடிசூடினான். ஸ்காண்டிநேவியாவில் இப்பெயர் இவ்வளவு பரவியதற்கு அந்த அரச குடும்பமே முதற்காரணம். 1854இல் டப்ளினில் பிறந்த ஆஸ்கர் வைல்டின் முழுப்பெயரில் ஃபிங்கல் என்பதும் அடக்கம். மக்ஃபர்சன் ஃபின்னுக்குக் கொடுத்த பெயர் அது. தகப்பனும் பிள்ளையுமான இரு பெயர்களில், பிள்ளையின் பெயர் உலகெங்கும் சென்ற பிறகும் தகப்பனின் பெயர் வீட்டைவிட்டு அதிகம் வெளியேறவில்லை.

அயர்லாந்தில் இது எப்போது பரவலான பெயராயிற்று?

மெதுவாகத்தான். ஃபின், ஒஷீன் பாடல்களைப் பதிப்பிப்பதற்கென்றே 1853இல் டப்ளினில் ஒரு சங்கம் தோன்றியது. 1893இல் தொடங்கப்பட்ட கேலிக் லீக், மொழியோடு பெயர்களையும் மீட்கும் ஆசையை மக்களிடம் விதைத்தது. முதலில் எழுத்தாளர்களும் மொழி ஆர்வலர்களுமே தங்கள் பெயரை மாற்றிக்கொண்டார்கள். 1915இல் பிறந்த சிற்பி ஒஷீன் கெல்லிக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஆஸ்டின். அவற்றுக்கிடையே ஒலி நெருக்கம் உண்டே தவிர, வேர் உறவு கிடையாது. டப்ளினின் நினைவுத் தோட்டத்தில் ஐரிஷ் பழங்கதையில் அன்னங்களாக மாறும் லீரின் பிள்ளைகளை வெண்கலத்தில் வடித்தவர் இவர்தான்.

அயர்லாந்தின் மத்தியப் புள்ளியியல் அலுவலகம் குழந்தைப் பெயர்களின் விவரங்களை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 1960களில் அபூர்வமாக இருந்த ஒஷீன், அண்மைய ஆண்டுகளில் ஆண்பெயர்களின் முதல் இருபது இடங்களுக்குள் நிற்கிறது. ரீயன், கிலியன், ஃபின், டைக் ஆகிய பிற ஐரிஷ் பெயர்களும் அதனோடு சேர்ந்து மேலேறியவை. 2007 முதல் பெரும்பாலான ஆண்டுகளில் முதலிடம் ஜாக் என்ற பெயருக்கே. ஆனால் தரவரிசையைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. முதலிடத்தில் உள்ள பெயரையே நூறு ஆண் குழந்தைகளில் சுமார் இருவருக்குத்தான் வைக்கிறார்கள். எனவே முதல் இருபதில் உள்ள பெயர் என்றால், ஆண்டுக்குச் சில நூறு குழந்தைகள் என்று பொருள் கொண்டால் போதும். வகுப்பில் மூன்று ஒஷீன் இருப்பார்களோ என்ற பெற்றோரின் கவலைக்கு அவ்வளவு அடிப்படை இல்லை.

இப்பெயருடைய புகழ்பெற்றவர்கள் யார்?

விளையாட்டு உலகில்தான் அதிகம். கில்லார்னியில் 1995இல் பிறந்த குதிரைப்பந்தய வீரர் ஒஷீன் மர்ஃபி, 2019 முதல் 2021 வரை தொடர்ந்து மூன்று முறை பிரிட்டனின் தட்டைப்பந்தய (தாண்டுதடைகள் இல்லாத குதிரைப்பந்தய) வாகையர் பட்டம் வென்றார். 2024இல் அதை மீண்டும் கைப்பற்றினார். ஆர்மா மாவட்ட அணியின் ஒஷீன் மக்கான்வில், 2002 கேலிக் கால்பந்து இறுதிப்போட்டியின் முதல் பாதியில் பெனால்டியைத் தவறவிட்டார். இரண்டாம் பாதியில் அவரே அடித்த கோல் ஆட்டத்தைத் திருப்பியது. அன்று கெர்ரி அணியை வென்று, ஆர்மா தன் வரலாற்றில் முதல்முறையாக அகில அயர்லாந்து வாகையரானது. குதிரையிலிருந்து விழுந்து கிழவனான வீரனின் பெயரை ஒரு வாகைக் குதிரைவீரர் தாங்கியிருப்பது சுவையான முரண்.

அயர்லாந்துக்கு வெளியே வழங்குகிறதா?

வேல்ஸில் ஒற்றை எஸ் இட்டு எழுதும் ஓசியன் என்ற வடிவம் வேல்ஸ் மொழி பேசும் குடும்பங்களிடம் நன்கு வழக்கில் உள்ளது. சுவீடனிலும் ஓசியன் உண்டு. அமெரிக்காவில் இது தெற்கு மாநிலங்களில் வேரூன்றிய விதம் சுவையானது. 1873இல் ஃபுளோரிடாவின் ஆளுநரானவர் ஓசியன் ஹார்ட். அவர் நினைவாகப் பெயரிடப்பட்ட கறுப்பின மருத்துவர் ஓசியன் ஸ்வீட், 1925இல் டெட்ராய்ட்டில் வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கியபோது திரண்ட கும்பலால் எழுந்த வழக்கு, அமெரிக்க உரிமைப் போராட்ட வரலாற்றில் இடம்பெற்றது.

ஃபாடா கோட்டை விட்டுவிட்டு எழுதலாமா?

ஐரிஷ் மொழியைப் பொறுத்தவரை அது எழுத்துப்பிழை. ஆனால் நடைமுறையில் பல கணினி அமைப்புகள் அந்தக் கோட்டை ஏற்காமல் பெயரையே சிதைத்துவிடுவதால், அயர்லாந்தில் இது நெடுநாள் குறையாக இருந்தது. அரசு அலுவலகங்களின் கணினி அமைப்புகள் ஐரிஷ் பெயர்களை ஃபாடாவுடன் சரியாகப் பதிய வேண்டும் என்பதற்கு 2021ஆம் ஆண்டின் அதிகாரப்பூர்வ மொழிகள் திருத்தச் சட்டம் வழிசெய்தது. பாஸ்போர்ட்டின் பெயர்ப் பகுதியில் கோட்டுடன் அச்சாகும். அடியில் இயந்திரம் படிக்கும் வரிகளில் மட்டும் கோடில்லாத எழுத்துகளே வரும், ஏனெனில் அந்த வரிகளுக்கான உலகப் பொதுத் தரநிலை குறியிட்ட எழுத்துகளை ஏற்பதில்லை. விமானச் சீட்டு எடுக்கும்போது அந்த அடிவரியில் உள்ளபடி கோடில்லாமல் எழுதிவிட்டால் தொல்லை இல்லை. பிறப்புச் சான்றிதழில் மட்டும் முதலிலேயே கோட்டைக் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு திருத்துவதற்கு அலைய வேண்டியிருக்கும்.